பால்பன் மேல பழி போடாதீங்க

புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணி. டீக்கடை வாசல்ல நின்னு பால்பன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எங்க ஆபீஸ் சீனியர் அண்ணன் டீ குடிக்க இறங்கி வந்தாரு. என்னையும் பாத்தாரு, பால்பன்னையும் பாத்தாரு.

"என்னம்மா, அம்மாவுக்குச் சுகர்னு சொல்ற. நீ இதத் திங்குற. கொஞ்சம் மனசக் கட்டுப்படுத்த வேணாமா?"

அக்கறையில சொன்னதுதான். எனக்கு வேலை கத்துக்குடுத்தவரு, என் மேல பாசம் உள்ளவரு. ஆனாலும் சுருக்குன்னு தச்சிருச்சு. மீதி இருந்த பன்னு தொண்டையில இறங்கவே இல்ல. பேப்பர்ல சுத்தி அப்படியே கையில வச்சுக்கிட்டு மாடி ஏறிட்டேன்.

மாடிப்படி ஏறும்போது ஒண்ணு தோணுச்சு. நான் நெசமாவே எவ்வளவு சீனி சாப்பிடுறேன்? அளந்து பாத்தா என்ன?

அளந்து பாத்தேன். அந்தக் கதைதான் இது.

முதல்ல பால்பன் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. (மதுரைக்காரங்க இந்தப் பத்தியத் தாண்டிப் போயிரலாம்.) பேர்ல பன்னு இருந்தாலும் இது பேக்கரி பன்னு கிடையாது. மைதா, தயிர், சோடா உப்பு எல்லாம் போட்டுப் பிசைஞ்சு, உருண்டையா எண்ணெயில விட்டு எடுத்து, பாகுல போடுவாங்க. வெளிய லேசா மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரி, கடிச்சா பாகு கசியும். பாதுஷாவுக்குச் சொந்தக்காரன்னு சொல்லலாம், ஆனா அத விட ரொம்ப மெதுவா இருக்கும். எங்க ஊர்ல சாயங்காலம் வடை போடுற கடைகள்ல, உளுந்த வடை பக்கத்துத் தட்டுல இது இருக்கும். அந்த மஞ்சள் லைட்டுக்குக் கீழ பாகு மினுமினுக்கும்போது வண்டிய ஓரங்கட்டாமப் போறது கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், சிம்மக்கல் பக்கம். ஜூலை கடைசி வாரம்னா எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். சம்பளக்காரங்க, பென்ஷன்காரங்க எல்லாரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ண ஜூலை 31தான் வழக்கமான கடைசி தேதி. ஏப்ரல்ல இருந்து சும்மா இருந்த அத்தன பேரும் படிவம் 16ஐ எடுத்துக்கிட்டு அந்த வாரம்தான் வருவாங்க. ஒருத்தர் ரெண்டு கம்பெனி மாறியிருப்பாரு, ஒரு கம்பெனிப் பேப்பர் மட்டும் கொண்டாந்திருப்பாரு. இன்னொருத்தர் பேங்க் வட்டிய மறந்துட்டு வந்திருப்பாரு, வரித்துறையோட 26ஏஎஸ் பட்டியல்ல அது பளிச்சுன்னு உக்காந்திருக்கும்.

எல்லாம் முடிச்சு அனுப்பலாம்னா ஓடிபி. அது அவங்க போனுக்குப் போகும். அவங்க வயல்ல இருப்பாங்க, கல்யாண வீட்ல இருப்பாங்க, பஸ்ல தூங்கிக்கிட்டு இருப்பாங்க. நான் போனக் காதுல வச்சுக்கிட்டு காத்திருப்பேன்.

அந்தக் காத்திருக்குற நேரம் இருக்கு பாருங்க, அதுலதான் கை தன்னால பிஸ்கட் டப்பாவுக்குப் போகும்.

ஒரு ஓடிபிக்கு ஒரு க்ரீம் பிஸ்கட். இது ஒரு கணக்காவே ஆயிப்போச்சு.

மதியச் சாப்பாடு ஒரு மணிக்குன்னு பேரு. மூணாயிரும். சில நாள் டப்பாவத் தொறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவேன், அம்மா தூக்கிப் பாத்துட்டு எடையிலயே கண்டுபிடிச்சிருவாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வீடு, படுக்க ஒரு மணி, காலையில ஆறு மணிக்கு முழிப்பு. இப்படி ஆறு நாள். அந்தப் புதன்கிழமையும் இந்த வாரத்துலதான்.

இந்த ஊர்ல இப்படி ஒரு வாரத்த ஓட்டுறவங்களுக்கு இனிப்பு எங்கெங்க இருந்து கூப்பிடும்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க. விளக்குத்தூண் பக்கம் போனா ஜிகர்தண்டா. (ஜிகர்னா நெஞ்சு, தண்டான்னா குளிர்ச்சி. பேரு வச்சவங்க வாய்க்குத்தான் சீனி போடணும்.) சுண்டக் காய்ச்சின பாலு, கடல்பாசி, நன்னாரி சர்பத்து, மேல ஐஸ்கிரீம். ஸ்டேஷன் பக்கம் வேலையாப் போனா பிரேமா விலாஸ் அல்வா. சூடா, நெய் மினுங்க, கையில வாங்குன உடனே வாயில போட்டுரணும். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் போனா நெய் மிட்டாய்க் கடை வாசனை. சாயங்காலம் தெருமுனையில பருத்திப்பால் வண்டி. பருத்திக்கொட்டைய ஊறவச்சு அரைச்சுப் பால் பிழிஞ்சு, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ எல்லாம் சேத்துக் காய்ச்சுறது. இருமல், சளின்னா அதக் குடிக்கச் சொல்லித்தான் எங்க பாட்டி காசு குடுக்கும்.

இத்தனையும் நான் போற வர்ற வழியில இருக்கு. ஊரக் குத்தம் சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல பொறந்ததுக்குக் கிடைச்ச சொத்து அது.

இப்ப அளந்த கதை.

புதன்கிழமை ராத்திரியே டைரியோட கடைசிப் பக்கத்துல அன்னைக்கு வாய்க்குள்ள போனது பூராவும் எழுதுனேன். டீ ஆறு. (காலையில வீட்ல ஒண்ணு, பத்தரைக்கு, பன்னெண்டுக்கு, மூணரைக்கு, ஆறுக்கு, எட்டரைக்கு.) க்ரீம் பிஸ்கட் அஞ்சு. பால்பன் ஒண்ணு, பேப்பர்ல சுத்துன மீதியும் சேத்து.

மறுநாள் டீக்கடைக்குப் போயி மாஸ்டர்கிட்ட, "அண்ணே, டீக்குப் போடுற சீனிய மட்டும் இந்தப் பேப்பர்ல போட்டுக் குடுங்க"ன்னு கேட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. ஆனா போட்டுக் குடுத்தாரு, வழக்கமாப் போடுற அதே அளவு. அத மடிச்சுக் கொண்டுபோயி வீட்ல சமையல் தராசுல வச்சேன்.

8 கிராம்.

ஆறு டீக்கு 48 கிராம். பேனாவக் கீழ வச்சுட்டு ரெண்டாவது தடவை பெருக்கிப் பாத்தேன். 48தான்.

பிஸ்கட் பாக்கெட்டத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருக்குறதப் படிச்சேன். ஒரு பிஸ்கட்டுக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் சீனி. அஞ்சு பிஸ்கட் 20 கிராம்.

பால்பன்னுக்குப் பாக்கெட் கிடையாதே! அதனால ஞாயித்துக்கிழமை நானே வீட்ல போட்டேன். மாவுக்கும் பாகுக்கும் போட்ட சீனிய நிறுத்து எழுதிக்கிட்டேன், பன்னெல்லாம் ஊறி எடுத்த பின்னாடி மிச்சம் நின்ன பாகையும் கழிச்சேன். ஒரு பன்னுக்கு 16 கிராம் கிட்ட வந்துச்சு. (முதல் ஈடு கல்லு மாதிரி வந்துச்சு. தயிரு பத்தல. ரெண்டாவது ஈடு நல்லா வந்துச்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வந்து தட்டக் காலி பண்ணிட்டாங்க.)

கூட்டுங்க. 48, 20, 16. மொத்தம் 84 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு. சேத்துக்கிற சீனி, தேன், பழச்சாறுல இருக்குற சீனி எல்லாம் சேந்து, நாம சாப்பிடுற மொத்த சக்தியில பத்துல ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும். 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு அது 50 கிராம். அதுலயும் பாதியாக் குறைச்சு 25 கிராமுக்குள்ள நிறுத்துனா இன்னும் நல்லதுங்கிறாங்க. அரிசி, காய், முழுப் பழம், பால்ல இயல்பா இருக்குறதெல்லாம் இதுல சேராது.

என் டீ மட்டுமே கிட்டத்தட்ட 50ஐத் தொட்டுருச்சு.

நான் கூனிக் குறுகி நின்னு சாப்பிட்ட அந்த ஒரு பால்பன்? 84ல 16. அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. அத மட்டும்தான் அண்ணன் பாத்தாரு. அத மட்டும்தான் நானும் தப்புன்னு நெனச்சேன். டீய ஒரு நாளும் நான் இனிப்புக் கணக்குல வச்சதே இல்ல. டீன்னா டீ. அது தண்ணி மாதிரி, வேலை மாதிரி, வந்தவங்களுக்குக் குடுக்குற மரியாதை மாதிரி. யாராவது கணக்குக் குடுக்க வந்தா, "டீ சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டு, அவங்களுக்குத் துணைக்கு நானும் ஒண்ணு குடிப்பேன்.

ருசிச்சு சாப்பிட்டது 16 கிராம். சாப்பிட்டதே தெரியாம உள்ள போனது 68 கிராம்.

இத எழுதும்போதுகூட எனக்கு மனசு ஆறல.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஏன் அந்த வாரம் மட்டும் உடம்பு இவ்வளவு இனிப்புக் கேக்குது? மத்த மாசம் இதே டீக்கடை, இதே வண்டி, இதே வழிதான். கண்டுக்காமப் போயிருவேன்.

சிகாகோ பல்கலைக்கழகத்துல 2004ல ஒரு ஆய்வு பண்ணாங்க. ஆரோக்கியமான இளவட்டப் பசங்க 12 பேரு. ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க, இன்னொரு தடவை பத்து மணி நேரம் விட்டாங்க. தூக்கம் குறைஞ்சப்ப, 'வயிறு நெறஞ்சிருச்சு'ன்னு சொல்ற லெப்டின் 18 சதவீதம் குறைஞ்சிருக்கு. பசியக் கிளப்புற கிரெலின் 28 சதவீதம் கூடியிருக்கு. அவங்க ஏங்குனது இனிப்பு, உப்பு நொறுவல், மாவுப் பண்டம் இதுக்குத்தான். பன்னெண்டு பேருங்கிறது சின்னக் கூட்டம்தான். ஆனா அதப் படிச்சப்ப என் ஜூலை வாரத்த யாரோ எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு.

மூளை இருக்கே, உடம்பு எடையில நூத்துல ரெண்டு பங்குதான். ஆனா சும்மா இருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கிற சக்தியில அஞ்சுல ஒரு பங்க அது எடுத்துக்கும். மதியம் ரெண்டுல இருந்து நாலு மணிக்குள்ள உடம்புக்கு இயல்பாவே ஒரு மந்தம் வரும். அதுக்கு மேல தூக்கம் கம்மி, மதியச் சோறும் இல்ல. அந்த நேரத்துல உடம்பு இனிப்புக் கேட்டா அது என்ன தப்பு? பசிச்ச பிள்ள அழுகுது. அதப் போயி மனக்கட்டுப்பாடு இல்லைன்னு வையலாமா?

அப்புறம் அந்த எட்டரை மணி டீ. உள்ள போன காபின் பாதி குறையவே பலருக்கு அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். அதாவது ஒன்றரை மணிக்குப் பாதி இன்னும் உள்ள உக்காந்திருக்கு. படுத்தாலும் தூக்கம் புடிக்காது. காலையில எந்திரிச்சா முந்தின நாள விட அதிகமா இனிப்புக் கேக்கும். டீ தூக்கத்தத் திங்குது, தூக்கம் இல்லாதது இனிப்பக் கேக்குது, இனிப்பு தீந்ததும் திரும்ப டீ. செக்குமாடு சுத்துற மாதிரி ஒரே வட்டம்.

இதையெல்லாம் நான் விளையாட்டா எடுத்துக்க முடியாது. அம்மாவுக்குப் பன்னெண்டு வருஷமா சுகர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில இருக்குற மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேந்து நாடு பூரா எடுத்த ஆய்வு 2023ல வந்துச்சு. 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேரு அதுக்கு முந்தின படியில. நான் போன மாசம் எடுத்த மூணு மாசச் சராசரி டெஸ்ட்ல 5.5. 5.7ல அந்த முந்தின படி ஆரம்பிக்குது. எனக்கும் அந்தப் படிக்கும் நடுவுல ரெண்டே ரெண்டு புள்ளி.

அதனால மாத்தணும்னு முடிவு பண்ணேன். ஆனா எப்படி மாத்தணும்னு தெரியாம நாலு தடவை சறுக்குனேன்.

முதல் தடவை, எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்துனேன். சீனியே கிடையாது, டீ, பிஸ்கட், பன்னு எதுவும் கிடையாது. திங்கள் நல்லாப் போச்சு. செவ்வாய் தலைவலி. புதன்கிழமை ஒரு கிளையண்ட்டு, ரீஃபண்ட் வந்த சந்தோஷத்துல அரைக் கிலோ பால்கோவா கொண்டாந்து குடுத்தாரு. (ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. மறுக்குறதுக்கு அது என்ன சாதாரணச் சாமானா?) அன்னைக்கு மூணு நாள் சேத்து வச்சுச் சாப்பிட்டேன்.

ரெண்டாவது, நாட்டுச்சர்க்கரை. 'நாட்டுச்சர்க்கரை நல்லது'ன்னு சொல்லி டீயில ரெண்டு ஸ்பூனுக்கு மூணா அள்ளிப் போட்டேன். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாத்துலயும் பெரும்பகுதி அதே இனிப்புத்தான். வாசனையும் கொஞ்சம் தாதுச்சத்தும் கூட இருக்கு, ருசி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா ரத்தத்துக்குக் கலர் தெரியாது. 25 கிராம் கணக்குல இதுவும் சேரும்.

(கரும்பப் பத்தி ஒண்ணு. புறநானூறு 99வது பாட்டுல, அதியமானோட முன்னோர்தான் இந்த மண்ணுக்குக் கரும்பக் கொண்டாந்ததா ஔவையார் பாடியிருக்காங்க. ஒரு இனிப்பக் கொண்டு வந்ததையே ஒரு குலத்தோட பெருமையாச் சொன்ன மொழி நம்மளோடது. அதனால இனிப்ப எதிரியா நெனைக்க எனக்கு மனசே வராது.)

மூணாவது, டீக்குப் பதிலா பழச்சாறு. கடையில போடுற சாத்துக்குடி ஜூஸ்ல அவங்க கரைக்கிற சீனியக் கண்ணால பாத்தேன். அதோட விட்டுட்டேன்.

நாலாவது, சீனி இல்லாத டீ. முதல் நாளே கசப்பாப் போச்சு. மூணாவது நாள் மாஸ்டரே மனசு கேக்காம, "அக்கா, ஒரே ஒரு சிட்டிகை போடவா?"ன்னு கேட்டாரு.

அந்தச் சிட்டிகையிலதான் எனக்கு வழி தெரிஞ்சுச்சு. முழுசா நிறுத்த வேணாம். படிப்படியா இறங்கலாம். ரெண்டு ஸ்பூன்ல இருந்து ஒண்ணரை. ஒரு வாரம் கழிச்சு ஒண்ணு. நாக்கு பழகிரும், நெசமா. மூணு வாரத்துல பழைய டீய ஒரு வீட்ல குடுத்தாங்க, பாயசம் மாதிரி இருந்துச்சு. இப்ப ஒரு நாளைக்கு மூணு டீ, ஒரு டீக்கு 4 கிராம். அஞ்சு மணிக்கு மேல டீ கிடையாது. வந்தவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு, துணைக்கு நான் மோர் குடிக்கிறேன். யாரும் கோவிச்சுக்கல.

பிஸ்கட் டப்பாவ மேசையில இருந்து அலமாரிக்கு மாத்திட்டேன். அது இருந்த இடத்துல வறுத்த கடலை. ஓடிபிக்குக் காத்திருக்கும்போது கை தன்னால போகுது, கடலை வருது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ரெண்டு துண்டு. (2020ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய். ஆபீஸ் கூட்டத்துக்கு நடுவுல மரியாதையாச் சாப்பிட வேண்டிய பொருள்.)

மதியம் ஒரு மணிக்குச் சோறு. இதுதான் எல்லாத்துலயும் கஷ்டமா இருந்துச்சு. "பத்து நிமிஷம் பொறுங்கண்ணே, சாப்பிட்டு வந்துர்றேன்"னு சொல்லக் கத்துக்கிட்டேன். பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கல. "சாப்பிடும்மா, மெதுவா வா"ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. வயித்துல சோறு இருந்தா, நாலரை மணி பால்பன் கூப்பிடும், ஆனா இழுக்காது. எனக்கு அந்த வித்தியாசம் புரிஞ்சதே இப்பத்தான்.

பால்பன்ன விடல.

வாரத்துல ரெண்டு நாள், உக்காந்து, சூடா. போன் பைக்குள்ள. முதல் கடியில பாகு கசியுறது, உள்ள இருக்குற லேசான தயிர்ப் புளிப்பு எல்லாம் தெரியுற மாதிரி மெதுவா. மூணு டீக்கு 12, பன்னுக்கு 16, மொத்தம் 28. அன்னைக்கு 25ஐக் கொஞ்சம் தாண்டுது. மத்த நாள் உள்ள வந்துருது. 84ல இருந்து வந்த எனக்கு இது பெரிய விஷயம்.

வேலை நெருக்குற வாரத்துல இருக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஒரு இனிப்புக்கு ஆசைப்பட்டுட்டோம்னு உங்கள நீங்களே வையாதீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுதிப் பாருங்க. நீங்க ரசிச்ச இனிப்பு எவ்வளவு, ரசிக்காமலே போன இனிப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுரும். குறைக்க வேண்டியது ரெண்டாவது. ஏற்கெனவே சுகர் இருக்குறவங்க, மாத்திரை சாப்பிடுறவங்க மட்டும் என் கணக்கப் பாக்க வேணாம், உங்க டாக்டர் சொல்ற கணக்குத்தான் உங்களுக்கு. எங்க அம்மா அப்படித்தான் இருக்காங்க.

அண்ணன் கதைய முடிச்சுருவோம். டைரிப் பக்கத்த அவர்கிட்டக் காட்டுனேன். சண்டைக்குப் போகல, கணக்குக் காட்டுனேன், அவ்வளவுதான். ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கக் காட்டுனா யாரும் மறுக்க மாட்டாங்க. மூக்குக் கண்ணாடிய ஏத்திக்கிட்டு கடைசி வரி வரைக்கும் வாசிச்சாரு. அப்புறம் தன்னோட விரல்ல எண்ண ஆரம்பிச்சாரு. காலையில ஒண்ணு, ஆபீஸ் வந்ததும் ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு... ஒரு கை முடிஞ்சு அடுத்த கைக்குப் போயிட்டாரு. அவரு பால்பன் தொட்டே பத்து வருஷம் ஆச்சாம்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. சாயங்காலம் நாலரைக்கு, "வாம்மா, கீழ போவோம்"னாரு.

மாஸ்டர்கிட்ட எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி தனக்குச் சொன்னாரு, "எனக்கும் சீனி பாதி போடுப்பா."

அப்புறம் ஒரே ஒரு பால்பன் வாங்கி, ரெண்டாப் பிட்டு, பெரிய பாதிய எங்கிட்ட நீட்டுனாரு.